கறிவேப்பிலை உடன்படிக்கை

பள்ளிக்கூடங்கள் பெற்றோருக்கு அனுப்புகிற வாட்ஸ்அப் சுற்றறிக்கைகளை ஒரு தனி இலக்கிய வகையாக அங்கீகரித்து, அவற்றுள் சிறந்ததற்கு ஆண்டுதோறும் பரிசளிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். இவ்வாண்டுப் பரிசுக்கு உரியது, என் ஆறு வயதுப் பேத்தி படிக்கும் பள்ளியிலிருந்து (பெயர் வேண்டாம், விடுங்கள்) மருமகளின் கைபேசிக்கு வந்து சேர்ந்த ஓர் அறிவிப்பு. உலகச் சுற்றுச்சூழல் தினத்தை முன்னிட்டு ஒவ்வொரு குழந்தையும் தெர்மோகோல் உருண்டையில் நீலமும் பச்சையுமாக வர்ணம் தீட்டிய பூமிப் பந்து ஒன்று கொண்டுவர வேண்டுமாம். பச்சை நிறத்தில் உடுத்தி வர வேண்டுமாம். இயற்கையை நேசிப்பது எப்படி என்று ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் ஒப்பிக்க வேண்டுமாம். விழா முடிவில் பிளாஸ்டிக் உறையிட்ட நற்சான்றிதழ் வழங்கப்படுமாம்.

தெர்மோகோலில் பூமி!

பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியை ஊதிப் பெருக்கிச் செய்கிற சரக்கு அது. அதன் பருமனில் மிகப் பெரும்பகுதி வெறும் காற்று. எஞ்சிய சொற்பமோ மண்ணில் மக்குவதில்லை, உடைந்தால் பொடிப்பொடியாகிக் காற்றோடும் கால்வாயோடும் போய்ச் சேரும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற நெகிழிப் பொருள்களில் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்திருக்கிற இந்தத் தமிழ்நாட்டில், பூமாதேவியின் க்ஷேமத்தைக் குழந்தைகளுக்கு உணர்த்துவதற்கென்று இந்தச் சாதனத்தைத் தேர்ந்தெடுத்தவரின் மனத்துணிவை நான் மெய்யாகவே வியக்கிறேன்.

“மாமா, நீங்க ஒண்ணும் ஆரம்பிக்காதீங்க. கடைக்குப் போறப்ப ஒரு பந்து மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, போதும்” என்றாள் மருமகள்.

பந்து வாங்கவில்லை. முற்றிய தேங்காய் ஒன்றை நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்து, பேத்தியிடம் வர்ணப் பெட்டியோடு கொடுத்தேன். அவள் கண்டங்களைத் தன் இஷ்டம்போல் இடம் மாற்றினாள். தேங்காயின் மூன்று கண்களும் தென் துருவத்தில் அமைந்தன. இந்தியா சற்றே பெரிதாகி ஆப்பிரிக்காவை இடித்தது. விழா முடிந்த மறுநாள் பூமியை உடைத்துத் துவையல் அரைத்தோம்.

ஆரம்பிக்காதீங்க என்று மருமகள் சொன்னது வீட்டுக்குள்ளேதான். இங்கே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அந்தத் தேதியையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஐக்கிய நாடுகளின் மனிதச் சுற்றுச்சூழல் மாநாடு ஜூன் 5 அன்று தொடங்கியதை நினைவில் வைத்து அந்தத் தினம் குறிக்கப்பட்டது. ஸ்வீடன் தேசத்தில் அது கோடை பிறக்கிற ரம்மியமான பருவம். சென்னையிலோ, அக்கினி நட்சத்திரம் ஓய்ந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொன்னாலும் வெயில் அதை ஒப்புக்கொள்ளாத காலம். அந்தக் காலத்தில், ஷாமியானாவுக்கு அடியிலிருந்து பிரமுகர் ஒருவர் வெளிப்பட்டுக் குனிந்து மரக்கன்று நட, குழந்தைகள் கைதட்ட, புகைப்படக்காரர் இன்னொரு முறை குனியச் சொல்ல, அவர் குனிய, அந்தக் கன்று அடுத்த சில நாள்களில் நிராதரவாகக் கருகிப்போவது ஆண்டுதோறும் நடக்கிற வைபவமாகிவிட்டது. 1950-இல் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. வடநாட்டில் அது தென்மேற்குப் பருவமழை இறங்குகிற வேளை, ஆகவே அங்கே பொருந்தும். நம் கடற்கரைக்கோ மழையின் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருகிறது. கன்று நட உகந்த காலம் அதுவே என்பதை நம் தெருவில் தள்ளுவண்டியில் செடி விற்பவரும் சொல்வார்.

(அவர் சொன்னார் என்பதற்காக ஜூனில் விற்காமல் இருக்கமாட்டார். அது வேறு விஷயம்.)

“நம்ம ஊர்ல மழை எப்ப வரும்?” என்பது ஒரு குழந்தை கற்க வேண்டிய முதல் சுற்றுச்சூழல் பாடம் என்று நான் கருதுகிறேன். எங்கோ நடந்த மாநாட்டின் தேதியை வைத்துக்கொண்டு இந்த மண்ணில் செடி நடுகிற வரையில், நாம் குழந்தைகளுக்குக் கற்பிப்பது இயற்கையின்மீது அன்பை அன்று. விழா எடுக்கும் கலையை.

சுற்றுச்சூழல் பாடம் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்த வரலாறும் சுவாரசியமானது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கொன்றில், 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய வாசகங்களைக் காட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பிரஸ்தாபிக்க வேண்டும், பள்ளி கல்லூரிகளில் அதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது. நீதிபதிகளின் நோக்கம் உத்தமமானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பாடம் என்று ஒன்று ஆகிவிட்டால் கேள்வித்தாள் பின்னாலேயே வரும். கேள்வித்தாள் வந்தால் கோடிட்ட இடம் வரும். கோடிட்ட இடத்தை நிரப்புகிற குழந்தை தலையை நிமிர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்க்காது.

பேத்தியைப் பரீட்சித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டின் மாநில விலங்கு? வரையாடு. பறவை? மரகதப்புறா. வண்ணத்துப்பூச்சி? தமிழ் மறவன். (2019-இல் அறிவித்தார்கள். எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும்.) மூன்றும் சரி, மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சஞ்சரிப்பது. திருவான்மியூரில் எங்கள் மாடிக்கு வரப்போவதில்லை. எங்கள் மாடித் தொட்டியிலுள்ள கறிவேப்பிலைக் கொழுந்தில் அன்றாடம் வந்து அமர்ந்து, அடிவயிற்றை வளைத்து ஒரேயொரு முட்டை இட்டுவிட்டு, அடுத்த இலைக்குத் தாவுகிற அந்தக் கறுப்புப் பூச்சிக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“பட்டர்ஃப்ளை” என்றாள்.

வட துருவத்தில் பனி உருகுவதும் பனிக்கரடி பசியால் மெலிவதும் அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டு வேப்பமரத்தில் காக்கைக்கும் குயிலுக்கும் நடக்கிற சொத்துத் தகராறு தெரியாது. பார்த்தேயிராத ஒரு கரடிக்காக விசனப்படும்படி ஆறு வயதுக் குழந்தையை ஏவுகிறோம். அந்தக் கரடிக்காக அது செய்யக்கூடியது ஏதுமில்லை என்பதும் நமக்குத் தெரியும். இதன் பலன், குழந்தை சாதுவாக இருந்தால் பயம், சமர்த்தாக இருந்தால் அலுப்பு.

ஆகவே என் கட்சியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறேன்.

பரிச்சயம் இல்லாத இடத்தில் பரிவு பிறவாது.

இதை நான் கண்டுபிடித்ததாக யாரும் எண்ணிவிட வேண்டாம். பூச்சிக்கொல்லிகளின் கொடுமையை 1962-இல் உலகுக்கு எடுத்துரைத்த ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார், அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1956-இல், தம் சகோதரியின் பேரனை அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்துக் கடற்கரைக்கும் காட்டுக்கும் இரவிலும் மழையிலும் அழைத்துச் சென்ற அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். சிறு பிராயத்தில் தகவல்களைத் திணிப்பதைவிட வியப்பைக் காப்பாற்றுவதே பிரதானம் என்பதும், அந்த வியப்பைப் பங்கிட்டுக்கொள்ளப் பெரியவர் ஒருவராவது குழந்தையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதன் சாரம். நம் மயிலாப்பூரிலேயே வாழ்ந்த மா. கிருஷ்ணன் (நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர்) யானையையும் காட்டெருமையையும் தேடி வனங்களில் அலைந்தவர்தாம், ஆயினும் 1950 முதல் 1996-இல் காலமாகும் வரையில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இடைவிடாது எழுதிய பத்தியில், நம் வாசலில் திரிகிற சாமானியப் பிராணிகளுக்கும் அதே சிரத்தையோடு இடம் கொடுத்தார். பெரிய மிருகத்தைப் பார்க்கிற கண்ணுக்கும் சின்ன ஜீவனைப் பார்க்கிற கண்ணுக்கும் அவரிடம் பேதமில்லை.

தொட்டிக்கு வருகிறேன்.

“தாத்தா, இங்க ஓடி வா! காக்கா எச்சம் நகருது!”

இப்படி ஒரு கூக்குரல் மாடியிலிருந்து வந்தால் எவர்தாம் ஓடிப் போகமாட்டார்? கறிவேப்பிலையின்மீது பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் என்று எவரும் முகம் சுளித்து அகன்றுவிடக்கூடிய ஒரு துளி, மெதுவாக இலையின் விளிம்பைக் கத்தரித்துக்கொண்டிருந்தது. அது புழு, எச்சத்தைத் தின்ன எந்தக் குருவியும் வராது என்பதனால் அது எச்சத்தின் வேஷம் பூண்டிருக்கிறது, கொஞ்சம் வளர்ந்ததும் இந்த வேஷத்தைக் கழற்றிவிட்டு இலையோடு இலையாகப் பச்சை வேஷம் போடும் என்று விளக்கினேன். பேத்தி ஒரு விரலால் அதைத் தொட்டாள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, பாம்பின் நாக்கென இரண்டாகப் பிளந்த ஓர் உறுப்பு சட்டென்று வெளிப்பட்டது; கூடவே ஒரு நெடி. வீரிட்டாள். பிறகு உடனே இன்னொரு முறை தொட்டாள். (அன்று மாலைக்குள் அடுக்ககத்துக் குழந்தைகள் அனைவரும் வந்து தொட்டுவிட்டார்கள். புழுவுக்கு என்மீது நல்ல அபிப்பிராயம் இருந்திருக்க நியாயமில்லை.)

இதன் பெயர் கறிவேப்பிலை அழகி என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. “இதுவா அழகி?” என்றாள்.

சமையலறையின் நிலைப்பாடு வேறு. “ரசத்துக்கு ஒரு ஈர்க்கு இல்ல. செடியையே மொட்டையடிச்சு வெச்சிருக்கு. தாத்தாவும் பேத்தியுமா அழகு பாத்துட்டு இருக்கீங்க. மருந்தடிக்கிறதா, இல்ல நான் கையால பொறுக்கிப் போடட்டுமா?” என்று பேத்தியின் பாட்டி பிரகடனம் செய்தாள். நியாயமான பிரகடனம். கறிவேப்பிலை அவள் வளர்த்தது. தினம் தண்ணீர் விட்டவள் அவள். புளித்த மோரைக் கரைத்து ஊற்றியவளும் அவள். அந்நிலையில், உயிர்களிடத்து அன்பு வேண்டும் என்று நான் ஓர் உபதேசம் தொடங்கியிருப்பேனேயானால், அன்றே புழுவுக்கும் எனக்கும் சேர்த்துக் கதி முடிந்திருக்கும். பேத்திதான் பேச்சுவார்த்தை நடத்தினாள்.

முடிவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் ஷரத்துகள் வருமாறு:

கைப்பிடிச் சுவர்ப் பக்கத்துக் கிளைகள் புழுவுக்கு.
சமையலறைப் பக்கத்துக் கிளைகள் ரசத்துக்கு.
எல்லை தாண்டுகிற புழுவைத் திருப்பி அனுப்ப வேண்டியது பேத்தியின் பொறுப்பு.
மருந்து கிடையாது.

புழுக்கள் இந்த ஷரத்துகளை வாசித்ததாகத் தெரியவில்லை. ஆகவே பள்ளிவிட்டு வந்ததும் முதல் காரியமாக மாடிக்குச் சென்று, எல்லை மீறியவற்றை ஓர் இலையில் ஏற்றித் திருப்பி விடுகிற உத்தியோகம் அவளுக்கு வாய்த்தது. இந்த உத்தியோகத்தின் நிமித்தம் அவள் செடியைக் கிளை கிளையாகப் பார்க்க நேர்ந்தது. பார்க்கப் பார்க்க, முட்டை எது, எறும்பு மேய்க்கிற அசுவினி எது, சிலந்தி எங்கே வலை கட்டியிருக்கிறது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே விளங்கின. ‘அழகி’யின் கூட்டுப்புழு ஒரு பட்டிழையை இடுப்பில் கட்டிக்கொண்டு காம்பில் சாய்ந்து நிற்பதை அவளே கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள். ஒரு காலைப்பொழுதில் அதிலிருந்து கசங்கிய ஈரச் சிறகோடு ஒன்று வெளிவந்து, தொங்கி, சிறகை உலர்த்திப் பறந்தும் போயிற்று. அன்றைக்குப் பள்ளி வேன் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தோடு இந்தக் கதையை முடித்துவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் இன்னொரு கூடு இருந்தது. அதிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரவில்லை. பொடித் துளை ஒன்று விழுந்து, அதன் வழியே சின்னஞ்சிறு குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே வளர்கிற ஒட்டுண்ணிக் குளவி அது. பேத்திக்கு அழுகை வந்துவிட்டது. “கெட்ட குளவி!” என்றாள். குளவிக்கும் பிள்ளைகள் உண்டு, அவற்றுக்கும் பசிக்கும், எல்லா முட்டையும் அழகியானால் பாட்டியின் கறிவேப்பிலை மட்டுமல்ல, ஊரிலேயே ஒரு கறிவேப்பிலை மிஞ்சாது என்று சொன்னேன். அவள் சமாதானமடையவில்லை. அடைய வேண்டிய அவசியமும் இல்லை. இயற்கை நமக்குப் பரிச்சயமாகும்போது அதன் முழுக் குணமும் பரிச்சயமாகும். பச்சை உடையணிந்து சிரிக்கிற பூமியை மாத்திரம் கண்ட குழந்தைக்கு அந்தப் பாக்கியம் கிட்டாது.

வேறு பரீக்ஷைகளும் செய்து பார்த்தோம். தண்ணீரை மிச்சப்படுத்தினால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று மருமகள் ஓர் அட்டவணை தயாரித்துக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். பேத்தி, குழாயை மூடினால்தானே நட்சத்திரம் என்று யோசித்து, மூடுவதற்காகவே திறந்து திறந்து மூடினாள். அட்டவணை நிரம்பிற்று, மேல்தொட்டி காலியாயிற்று. சிட்டுக்குருவிக்கென்று ஒரு மரப்பெட்டி மாட்டினோம். குருவி வரவில்லை, தேங்காய் நாரும் பழைய துணிக் கிழிசலும் சேகரித்துக்கொண்டு அணில் ஒன்று குடியேறியது. வாடகை கேட்பதா வேண்டாமா என்று வீட்டில் விவாதம் நடந்தது.

ஆனால் நான் எதிர்பாராத அளவுக்குப் பலித்தது குப்பைப் பானை. அடியில் ஓட்டையிட்ட மண்பானையில் காய்கறித் தோலும் காய்ந்த சருகும் மாறிமாறிப் போட்டு மூடிவைக்கிற எளிய ஏற்பாடுதான். நாறினால் ஈரம் மிஞ்சிவிட்டது, இன்னும் சருகு போட வேண்டும் என்று அர்த்தம். அந்தச் சூத்திரம் ஒன்று தெரிந்தால் போதும். ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுக்கள் அதில் பெருகியபோது மருமகள் மாடிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டாள். பேத்தியோ, நேற்றுப் போட்ட பப்பாளித்தோல் இன்று எங்கே போயிற்று என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். குழந்தைகளுக்கு அருவருப்பு பிறவிக் குணம் அன்று. நம் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. நாம் முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் சுற்றுச்சூழல் கல்வியில் பாதி முடிந்தது.

(மற்றப் பாதிக்கு மருமகளைச் சம்மதிக்கவைக்க வேண்டும்.)

இனி, கொஞ்சம் கனமான சங்கதி. பெசன்ட் நகர்க் கடற்கரையில் தை மாசி பங்குனி இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி, மணலைத் தோண்டி, ஒவ்வொன்றும் நூறு முட்டைக்கு மேலும் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குஞ்சுகள் பொரிந்ததும் இரவில் வெளிச்சமான திசையை நோக்கி நகரும். ஆதியில் அந்த வெளிச்சம் கடலுடையது, இப்போது சாலை விளக்குகளுடையது. ஆகையால் வழிதவறித் தார்ச்சாலைக்கு வந்துவிடும். இதைத் தடுக்க, 1988 முதல் கல்லூரி மாணவர்களும் அவர்களோடு சேர்ந்த தன்னார்வலர்களும் இரவெல்லாம் கடற்கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான வேலிக்குள் மறுபடி புதைத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். பேத்தியை ஒரு மாலை அழைத்துப் போனேன். குழந்தைகள் யாவரும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்; கயிற்றைத் தாண்டியவர்களும் கைபேசியை நீட்டியவர்களும் பெரியவர்களே. அங்கிருந்த ஓர் இளைஞர் குழந்தைகளைப் பார்த்து, “உங்க அப்பா அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றார். அவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அந்த இனிய மாலைக்குப் பிறகு, 2025 ஜனவரியில், அதே கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. காலை நடைக்கு வந்த பேத்தியின் கண்ணில் ஒன்று பட்டது. திருப்பி அழைத்துவந்துவிடலாம் என்று என் கால் பின்வாங்கியது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபல் 1996-இலேயே, சிறு குழந்தைகளின் தலையில் பேரழிவுகளைச் சுமத்தாதீர்கள், பயந்து விலகிப்போவார்கள் என்று எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையை நான் பெரிதும் ஒப்புகிறவன். ஆயினும் தொலைதேசத்துப் பேரழிவு வேறு, காலடியில் கிடக்கிற சாவு வேறு. முன்னதைக் குழந்தையின்மீது சுமத்த வேண்டியதில்லை. பின்னதை மறைக்க வேண்டியதில்லை.

“யாரு தாத்தா கொன்னாங்க?”

ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் நம்மைப்போல் மூச்சுவிடுகிற பிராணி, அடிக்கடி மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் வரமுடியாமல் மூச்சடைத்துவிடும் என்றேன். அப்படியானால் மீன்காரர்கள் கெட்டவர்களா என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாளை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஆகையால் அது லேசான கேள்வி அன்று. அவர்களும் பிழைக்க வேண்டும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆமை மட்டும் வெளியேறிப் போக வலையிலேயே ஒரு வாசல் வைக்கிற உபாயமும் இருக்கிறது. இவற்றைச் செய்யவேண்டியவர்கள் செய்தால் இருவரும் பிழைக்கலாம் என்றேன். “அப்ப ஏன் செய்யல?” என்றாள். இந்தக் கேள்விக்கு ஆறு வயதுக்கு ஏற்ற விடை மட்டுமல்ல, அறுபது வயதுக்கு ஏற்ற விடையும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுடையது. யாரும் எழுதிக்கொடுத்து ஒப்பிக்கச் சொன்னதன்று.

இப்போது உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம். அங்குள்ள கண்மாய்கள் 1977 முதல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்ற பெயரில் இருக்கின்றன. நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் பாம்புத்தாராவும் மழைக்காலத்தில் வந்து, கண்மாய்க்குள் நிற்கிற மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவை வருகிற காலமும் தீபாவளியும் ஒன்றையொன்று ஒட்டி அமைகின்றன. ஆகவே அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. பல தலைமுறைக் குழந்தைகள் வெடியில்லாமலே தீபாவளி கொண்டாடி வளர்ந்து, தாம் பெற்ற குழந்தைகளையும் அவ்வாறே வளர்த்திருக்கிறார்கள்.

உறவினர் கல்யாணமொன்றுக்குக் காரைக்குடிப் பக்கம் போனவன் வழியில் அங்கே இறங்கி, கண்மாய்க் கரையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று, ஏதோ பேட்டி காண வந்தவன்போல் விசாரித்தேன்.

“சொல்லிக் குடுக்க என்னய்யா இருக்கு? நாங்க வெடிக்கிறதில்ல. அதுகளும் வெடிக்கிறதில்ல” என்றார் அவர்.

இதில் என்னைச் சிந்திக்கவைத்த அம்சம், அந்த ஊர்ப் பெரியவர்கள் குழந்தைகளிடம் கேட்கிற தியாகத்தைத் தாங்களும் செய்கிறார்கள் என்பது. பறவைக்கும் மனிதனுக்கும் இடையே அங்கே கொடுக்கல் வாங்கலும் உண்டு. எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கல்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக்கூடாது என்று ஆங்கிலேயக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்களே, அவர்களும் இந்த லாபத்தை அறிந்தவர்களே. அன்பும் பிரயோஜனமும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று யார் சொன்னது? பாட்டியின் ரசமும் அழகியின் கொழுந்தும் ஒரே செடியில் இருக்கலாம் என்றால், நாரையின் கூடும் விவசாயியின் நெல்லும் ஒரே கண்மாயை நம்பி இருக்கலாம்.

ஆதலால், குழந்தைக்கு இயற்கையைப் பேணக் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. அட்டவணை வேண்டாம், வேஷம் வேண்டாம், ஐந்து வாக்கியமும் வேண்டாம். வீட்டுக்கு அருகே நாலைந்து ஜீவன்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். குழந்தை நிற்கிற இடத்தில் நீங்களும் சாவகாசமாக நில்லுங்கள். அப்புறம் உங்கள் சௌகரியத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கச் சித்தமாக இருங்கள். இந்தக் கடைசி நிபந்தனைதான் கடினம். குழந்தை மெய்யாகவே ஒன்றை நேசிக்கத் தொடங்கிவிட்டால், அந்த நேசத்தின் செலவுச்சீட்டு நம் பெயருக்கே வரும்.

உதாரணம் வேண்டுமானால், என் புத்தக அலமாரியைப் பாருங்கள். கொஞ்ச நாளாக ஒரு வேட்டைக்குளவி ஜன்னல் வழியாக ஈரமண்ணை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து, பேரகராதியின் ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே, இரண்டின் முதுகையும் பிணைத்து வெகு நேர்த்தியாகக் கூடு கட்டிவிட்டது. ஒவ்வோர் அறையிலும் மயக்கிய சிலந்திகளை அடைத்து, முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசி மூடியிருக்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று பாட்டி குதூகலித்தாள்; மருமகள் அவளை முறைத்தாள். நான் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்ப்பதற்காகத் தொகுதியை உருவப் போனபோது, கெட்ட குளவி என்று முன்பு அழுத அதே பேத்தி, குறுக்கே வந்து கையை விரித்து நின்றாள். இப்போது அலமாரியில் வண்ணப் பென்சிலால் எழுதிய ஒரு தடையுத்தரவு ஒட்டப்பட்டிருக்கிறது: “தொடாதே. உள்ளே பாப்பா.”

மேல்முறையீட்டுக்கு வழியில்லை. ஆகவே அவ்விரு தொகுதிகளிலும் இருக்கக்கூடிய சொற்களைக் கூடியவரை நம்பாமலே இதை எழுதி முடித்திருக்கிறேன். எங்கேனும் ஒரு சொல் பொருத்தமின்றி விழுந்திருந்தால், குளவிக்குஞ்சுகள் வெளியேறிய பிறகு திருத்திக்கொள்ளலாம்.